அழட்டும், அது நல்ல சேதி

தத்துக் குழந்தை வந்து சேர்ந்த வீட்டில் முதல் வாரத்துப் பேச்சு எந்த ஊரிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. "அழவே மாட்டேங்குறா. பால் குடுத்தா குடிக்கிறா, படுக்க வச்சா தூங்குறா, யார் தூக்கினாலும் போறா. அவ்வளவு சமர்த்து!" இணையதளத்தில் பதிவு செய்து, வீட்டு ஆய்வு முடிந்து, வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் அவர்கள். அந்தப் பூரிப்புக்குக் குறுக்கே நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்தச் சமர்த்து என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஐந்து மாதக் குழந்தை நடு இரவில் விழித்துக்கொண்டு, ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் கூரையைப் பார்த்துக் கிடக்கிறது என்றால், அந்த அமைதியை அது எங்கோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறது.

எங்கே என்று தேட வேண்டியதில்லை. பெற்றவர்களே ஒப்படைத்த குழந்தை என்றால், அவர்கள் மனம் மாறித் திரும்பக் கேட்பதற்குச் சட்டம் 2 மாத அவகாசம் தருகிறது. கண்டெடுத்த குழந்தை என்றால், உறவினர் யாரும் இருக்கிறார்களா என்று தேடிப் பார்க்க வேண்டும். அதன்பிறகு மருத்துவ அறிக்கை, குழந்தைக்கேற்ற பெற்றோரைத் தேர்ந்தெடுத்தல், அவர்கள் நேரில் வந்து பார்த்தல். எவ்வளவு சின்னக் குழந்தையானாலும் வாழ்க்கையின் முதல் சில மாதங்களைப் பெரும்பாலும் குழந்தைகள் இல்லத்தில்தான் கழித்துவிட்டு வருகிறது. அங்கே இருக்கிற ஆயாக்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். கைகள்தாம் குறைவு. காலையில் ஒருவர், இரவில் இன்னொருவர் என்று முறை மாறும். மணி அடித்தாற்போலப் பால், மணி அடித்தாற்போலத் துணி மாற்றல். ஒரு ஆயா மூன்றாவது தொட்டிலில் இருக்கும் குழந்தைக்குப் பால் புகட்டும்போது ஏழாவது தொட்டில் குழந்தை அழுதால், அது அழுதுகொண்டேதான் இருக்க வேண்டும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது வீட்டுக்குப் பொருந்துகிற பழமொழி. அங்கே கடிகாரத்தின் முள் நகர்ந்தால்தான் பால் வரும். அழுதும் யாரும் வராவிட்டால் குழந்தை மெல்ல அழுகையை விட்டுவிடும்.

இந்த மௌனத்தைப் பெரியவர்கள் தவறாகப் படிப்பது இன்று நேற்று நடப்பதில்லை. 1950களின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவமனைகளில், பெற்றோர் வந்து பார்ப்பதைக் கட்டுப்படுத்தித் தனியே சேர்த்த சிறு குழந்தைகளை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றின் எட்டு நாள் மருத்துவமனை வாசத்தை 1952இல் படமாகவே எடுத்தார்கள். இப்படிப் பிரிந்திருக்கும் குழந்தை பொதுவாக முதலில் கத்தி ஆர்ப்பாட்டம் செய்கிறது. பிறகு துவண்டு போகிறது. கடைசியில் யாரிடமும் ஒட்டாமல், சொன்னபடி கேட்டு அடங்கிவிடுகிறது. இந்த மூன்றாவது கட்டத்தைப் பார்த்துத்தான் அன்றைய செவிலியர்கள், குழந்தைக்கு இடம் பழகிவிட்டது என்று நிம்மதி அடைந்தார்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். குழந்தைக்கு இங்கே எல்லாமே அந்நியம். இல்லத்தில் கேட்டதெல்லாம் பெண்குரல் என்றால், அப்பாவின் கனத்த குரலும் மீசையும் அதை மிரட்டும். "என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்குது" என்று மனம் உடைந்துபோகும் அப்பாக்கள் உண்டு. அவர்கள்மேல் குழந்தைக்கு எந்தக் கோபமும் இல்லை. இரவெல்லாம் விளக்கெரிந்த கூடத்தில் தூங்கிய குழந்தைக்கு இருட்டறை பயம். கட்டில் போன்ற தொட்டிலில் மல்லாந்து கிடந்தே பழகியதற்குச் சேலைத் தூளியில் போட்டால் உடம்பு விறைக்கும். பாட்டி ஆசையாகக் கால் நீட்டி உட்கார்ந்து, கால்மேல் படுக்க வைத்து எண்ணெய் தேய்க்கப் போனால், கட்டையாக நிமிர்ந்துகொள்ளும். தூக்கி நெஞ்சோடு அணைத்தால், அணைப்புக்கு இணங்கி வளையத் தெரியாமல் வெளியே பார்த்துச் சாயும். பாட்டிலைக் கண்டதும் மூச்சுவிடாமல் உறிஞ்சும். காலியான பிறகும் விடாது. மல்லாந்தே கிடந்ததில் சில குழந்தைகளுக்குப் பின்தலை தட்டையாக இருக்கும். வெளியில் தெரிகிற தழும்பு அது ஒன்றுதான்.

ஆகவே முதல் மாதத்தில் எதையும் புதிதாக மாற்றாமல் இருப்பதே பெரிய உதவி. அதே பால் பவுடர், முடிந்தால் அதே மாதிரி பாட்டில், அதே நேரம். இல்லத்திலிருந்து ஒரு துணி வந்திருந்தால் அதைத் துவைக்காமல் பக்கத்தில் போட்டு வைக்கலாம். அந்த வாசனை ஒன்றுதான் அதற்குத் தெரிந்த ஊர். குழந்தை கேட்காவிட்டாலும் தூக்க வேண்டும். சிணுங்கும் வரை காத்திருந்தால், சிணுங்கவே மறந்த குழந்தையை எப்போது தூக்குவது? ஒலி கேட்டும் திரும்பாத குழந்தை என்றால் செவித்திறன் சோதனையை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. எல்லா மௌனத்தையும் மனசின் கணக்கில் எழுதிவிட முடியாது.

எனக்குத் தெரிந்த கோவைக் குடும்பம் ஒன்றில், சில வாரங்கள் சிலைபோல இருந்த பையன் ஒரு நாள் அம்மா குளிக்கப் போன நேரத்தில் அலறிவிட்டான். குளியலறைக் கதவு திறக்கும் வரை அலறல் நிற்கவில்லை. தாத்தா பதறிப்போய் டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். டாக்டரோ போனிலேயே வாழ்த்துச் சொன்னார். அடுத்த சில நாட்களில் அவன் இரவில் மூன்று தடவை எழுந்தான், மடியை விட்டு இறங்க மறுத்தான், அம்மா சமையலறைக்குப் போனால்கூடச் சிணுங்கினான். "நல்லா இருந்த பிள்ளையைக் கெடுத்துட்டீங்க" என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அவன் கெட்டுப்போகவில்லை. அழுதால் ஆள் வரும், வருகிற ஆள் இன்னார்தான் என்று கண்டுபிடித்திருந்தான். குப்புற விழுந்ததையும் முதல் பல்லையும் தேதியோடு குறித்து வைக்கிற நாம், இந்த முதல் அழுகையையும் குறித்து வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தேதி என்றதும் அடுத்த தொல்லை வந்துவிடுகிறது. தடுப்பூசி அட்டையோடு வரும் வளர்ச்சிப் படத்தில் மூன்று, நான்கு மாதத்தில் கழுத்து நிற்க வேண்டும், ஆறிலிருந்து எட்டுக்குள் உட்கார வேண்டும், ஒரு வயதை ஒட்டி நடக்க வேண்டும் என்று இருக்கும். சித்தி பேரன் எட்டு மாதத்திலேயே பிடித்துக்கொண்டு நின்ற கதையும் கூடவே வரும். இல்லத்தில் வளர்ந்த குழந்தைகளை நெடுங்காலம் கவனித்த மருத்துவர்கள் ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்கள்: நிறுவனத்தில் கழிந்த ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாத வளர்ச்சி தள்ளிப்போகும். வீட்டுக்கு வந்த பிறகு அது வேகமாக ஈடு ஆகும். ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் 2000இல் தொடங்கிய ஆய்வில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குடும்பங்களில் வளரவிட்டுப் பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள். அதிலும் ஒரு மனிதரோடு ஒட்டிக்கொள்ளும் திறமை, இரண்டு வயதுக்குள் போனவர்களிடம் நன்றாகத் துளிர்த்தது.

நம்மிடம் இந்த வளர்ச்சிப் படத்தைவிடப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. பிள்ளைத்தமிழ் குழந்தையின் பருவங்களை மாதவாரியாகப் பிரிக்கிறது. ஐந்தாம் மாதம் ஒரு காலை மடக்கிக் கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுகிற செங்கீரை. ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி. பதினொன்றில் முத்தம். பதின்மூன்றில் தளர்நடை போட்டு வரும் வருகை. பதினைந்தில் நிலாவைக் கூப்பிடும் அம்புலி. இந்தப் பருவங்களில் குழந்தை தானாக எதையும் செய்துவிடுவதில்லை. ஆடுக என்று ஒருவர் கேட்கிறார், கொட்டுக என்று கேட்கிறார், முத்தம் தா என்று கெஞ்சுகிறார், வா வா என்று கைநீட்டி அழைக்கிறார். எதிரே கேட்கிற ஆள் இருப்பதால் குழந்தை கைகொட்டுகிறது, நடந்து வருகிறது. தொட்டில் வரிசையில் கிடக்கும் குழந்தையை 'எனக்கு ஒரு முத்தம் தா' என்று கேட்க எத்தனை பேருக்கு நேரம் இருக்கும்? அது பின்தங்கியிருந்தால், இதுவரை யாரும் அதை உட்கார்ந்து கெஞ்சவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கெஞ்சத் தொடங்குங்கள்.

பிள்ளைத்தமிழுக்கு முன்னோடி என்று தமிழறிஞர்கள் காட்டுவது பெரியாழ்வாரின் பாசுரங்களை. துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த பெண்ணை ஆண்டாளாக வளர்த்தவர் அவர் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் மரபு. அவர் கண்ணனின் செங்கீரையையும் சப்பாணியையும் யசோதையாக நின்று பாடினார். யசோதையும் கண்ணனைப் பெற்றவள் இல்லை, வளர்த்தவள். குழந்தையின் பருவங்களைத் தமிழில் முதன்முதலாக இப்படி அணுஅணுவாக ரசித்தவர் ஒரு வளர்ப்புத் தந்தை, அதுவும் ஒரு வளர்ப்புத் தாயின் குரலில். தத்தெடுத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய துணை வேண்டுமா?

என் பெரிய கவலைக்கு வருகிறேன். அது மடி மாற்றுவது. குழந்தை வந்த செய்தி தெரிந்ததும் வீட்டில் கூட்டம் கூடிவிடுகிறது. பெரியம்மா, மாமா, எதிர்வீடு, ஆபீஸ் நண்பர்கள். ஒரு மடியிலிருந்து இன்னொரு மடி. "எல்லார்கிட்டயும் சிரிச்சுக்கிட்டே போறா பாரு, புதுசுன்னே இல்ல" என்று மெச்சிக்கொள்கிறார்கள். இல்லத்திலும் அப்படித்தான் கை மாறிக்கொண்டிருந்தாள். எல்லாரிடமும் போகிற குழந்தைக்குத் தன்னுடையவர் என்று இன்னும் யாரும் அமையவில்லை. எட்டு, ஒன்பது மாத வாக்கில் வீட்டுக் குழந்தைகள் வேற்றுமுகம் பார்த்து வீறிடும். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். அந்த வீறிடல் தத்துக் குழந்தைக்குத் தாமதமாக வந்தாலும் வர வேண்டும். முதல் சில வாரங்களுக்குப் பால் புகட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது மூன்றையும் பெற்றோர் இருவர் மட்டுமே செய்தால், இவர்கள்தான் நம் ஆட்கள் என்று குழந்தைக்குப் புரியும். பத்துப் பேர் மடியில் வளர்ந்த பிள்ளைதான் நல்லபடியாகப் பழகும் என்று பாட்டிமார் சொல்வதில் நியாயம் உண்டு. அது முதல் மடி எது என்று தெரிந்த பிள்ளைக்கு.

அம்மாவின் மனநிலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இத்தனை நாள் ஏங்கியதற்குக் குழந்தையைக் கையில் வாங்கியதும் மடை திறந்ததுபோல அன்பு பொங்கும் என்று எதிர்பார்த்து, பொங்காமல் போய்த் தனியே அழும் பெண்கள் இருக்கிறார்கள். பிரசவம் ஆனவளுக்கு ஓய்வு உண்டு, பத்தியம் உண்டு, தாய்வீடு உண்டு. இவளுக்கு ஒரு வாழ்த்தோடு சரி. தத்து வழங்கிய பிறகு 2 ஆண்டுகளுக்கு, 6 மாதத்துக்கு ஒரு முறை சமூகப் பணியாளர் நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்பது விதி. குறை சொன்னால் குழந்தையைத் திருப்பி வாங்கிவிடுவார்களோ என்ற பயத்தில், அவர் வருகிற அன்று வீடே பளிச்சென்று சிரிக்கிறது. தூக்கமில்லாத இரவுகளும் விறைத்துக்கொள்ளும் உடம்பும் பேச்சில் வராமலே போகின்றன. உதவி கேட்பதற்காகவே அந்தச் சந்திப்பு ஏற்பட்டிருக்கிறது. மனம் திறந்து சொன்னதற்காக யாரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை.

தத்துக் குழந்தை வந்த வீட்டுக்குப் போகப் போகிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். யார் ஜாடை என்று கேட்காதீர்கள். பெற்றவர் யார் என்று கிசுகிசுக்காதீர்கள். குழந்தையைத் தூக்கக் கை நீட்டாதீர்கள். ஒரு தூக்குச்சட்டியில் ரசமோ சாம்பாரோ எடுத்துப் போங்கள். பாத்திரம் கழுவிக் கொடுங்கள், துணி மடித்துக் கொடுங்கள். குழந்தை அம்மாவின் மடியிலேயே இருக்கட்டும். உங்களைப் பார்த்து அது வீறிட்டு அழுதால் வருத்தப்படாமல், அந்த அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.