நடுவரின் கை ஏன் இறங்கவில்லை?

கால்பந்து ஆட்டத்தில் விசில் ஊதிய நடுவர், சில நேரம் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கியபடியே நிற்பார். ஏன்?

அது மறைமுக ஃப்ரீ கிக். ஆஃப்சைடுக்குத் தரப்படுவது இதுதான். உதைத்த பந்து இன்னொரு வீரர்மீது பட்ட பிறகு வலைக்குள் போனால்தான் கோல். கை திசையை மட்டும் காட்டினால், நேரடி ஃப்ரீ கிக்.

பந்து யார்மீதாவது படும்வரை, அல்லது ஆட்டத்தைவிட்டு வெளியேறும்வரை கை பொதுவாக இறங்காது. கூச்சலில் குரல் எடுபடாது. உயர்ந்த கை கோல்கீப்பருக்கும் தெரியும். அவர் தொடாமல் விட்டு, பந்து நேரே வலைக்குள் விழுந்தால் கோல் இல்லை. அவர் அணிக்கே கோல் கிக். பதறிப்போய் விரல் பட்டுவிட்டால் கோல்தான்!

நடுவரே கை தூக்க மறந்து, பந்து நேராக உள்ளே போனால்? உதையை மறுபடி எடுக்க வேண்டும்.