கர்சிவ் எழுத்தும் ஒரு தாம்பாளம் மணலும்

எங்க சின்னவளுக்கு எட்டு வயசு. பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். கணக்கு, வாசிப்பு எல்லாம் தானாக ஓடிவிடும். கர்சிவ் நோட்டை எடுத்தால் மட்டும் அழுகை. நாலு கோடு நோட்டில் ஒரே வாக்கியத்தை இருபது வரி எழுதுவாள். இருபதாவது வரி முதல் வரியைவிட மோசமாக இருக்கும். நானும் "இன்னும் ஒரு பக்கம் எழுதும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ரெண்டு மாசம் முன்னாடி எங்கம்மா கேட்டார்: "ஏன்டா, புள்ள எழுதி முடிச்சதத்தானே பாக்குற, எழுதுறப்ப ஒருநாளாவது பாத்தியா?"

பார்த்ததில்லை. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் முனையை மட்டும் கவனித்தேன். ஆங்கிலச் சின்ன எழுத்து 'ஓ'வைக் கீழிருந்து தொடங்கி, கடிகார முள் போகும் திசையில் சுற்றுகிறாள். தனித்தனியாக எழுதும்போது இது தெரியவே தெரியாது. வட்டம் எப்படிச் சுற்றினாலும் வட்டம்தானே. ஆனால் கர்சிவில் 'ஏ', 'சி', 'ஜி', 'ஓ', 'க்யூ' எல்லாமே மேலே தொடங்கி, இடப்பக்கம் வளைந்து, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போக வேண்டும். 'ஓ' மேலேயே முடிந்து, அங்கிருந்து அடுத்த எழுத்துக்குக் கை தாண்ட வேண்டும். இவளுக்குக் கை கீழே வந்து நிற்கிறது. அதனால் ஒவ்வொரு 'ஓ'வுக்கும் பென்சிலைத் தூக்கி ஒட்டுப் போடுகிறாள்.

எங்க தொழில் பாஷையில் சொன்னால், அவுட்புட் சரி, அல்காரிதம் தப்பு. இருபது வரி எழுத வைத்து, அந்தத் தப்பைத்தான் நான் கையில் பதிய வைத்திருக்கிறேன்.

மணலில் எழுதிய பிள்ளைகள்

அம்மா சொன்ன வைத்தியம் எளிது. "எங்க வாத்தியார் முதல்ல மணல்லதான் எழுத விட்டாரு. விரலப் புடிச்சு ஒரு தடவ, பிறகு நீயா எழுதுன்னுவாரு."

திண்ணைப் பள்ளிக்கூடங்களின் முறை இது. ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வருமுன், தரையில் மணலைப் பரப்பி, எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவார்கள். இந்த முறை கடல் தாண்டிப் போன கதையும் உண்டு. சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதை விடுதிக்கு 1789-ல் கண்காணிப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, அதைத் தன் விடுதியிலும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளைகளே இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் இருக்கிறது.

புள்ளிக்கோட்டுத் தாள் ஏன் போதவில்லை?

மணலில் பின்பற்றிப் போகக் கோடு கிடையாது. பாதையைப் பிள்ளையே நினைவிலிருந்து எடுக்க வேண்டும். புள்ளிகளை இணைக்கும் ஒர்க்‌ஷீட்டில் அந்த வேலையே இல்லை. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேரின் ஜேம்ஸ் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். இன்னும் வாசிக்கத் தெரியாத சிறு பிள்ளைகளைச் சில எழுத்துகளைத் தாமாக எழுதவும், சிலவற்றைக் கோட்டின்மேல் வரையவும், சிலவற்றை டைப் செய்யவும் வைத்தார்கள். பிறகு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, தாமாக எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான் வாசிப்போடு தொடர்புள்ள பகுதிகள் நன்றாக வேலை செய்தன.

எரியும் ஏரியும்

அழகுக்காக இவ்வளவு பாடா என்று கேட்கலாம். அழகு எனக்கும் ரெண்டாம்பட்சம்தான். எங்க திருமானூர் பக்கத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர் வீரமாமுனிவர் (1680–1747). அவர் காலம் வரை, மேலே புள்ளி வைத்தால் குறில் எகரம், வைக்காவிட்டால் நெடில். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பலர் வைப்பதே இல்லை. எரியா, ஏரியா என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். நெடிலுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து 'ஏ' ஆக்கியது அவர் செய்த சீர்திருத்தம் என்பார்கள். ஒரு சின்ன இழுப்பு, படிப்பவரின் சந்தேகம் போயிற்று. கையெழுத்துக்கும் அளவுகோல் அதுதான்: படிப்பவர் தடுமாறக் கூடாது, எழுதுபவருக்குக் கை வலிக்கக் கூடாது. சின்னவள் ஒருநாள் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதுவாள். அங்கே மணிக்கணக்காகக் கையால்தான் எழுத வேண்டும்.

நாங்கள் செய்தது

1. ஒரு தாம்பாளத்தில் கொள்ளிடத்து மணல். (இந்த அளவுக்கு யாரும் பர்மிட் கேட்க மாட்டார்கள்.) கிடைக்காதவர்கள் ரவையில் எழுதலாம்.

2. அகர வரிசையில் போகாமல், ஒரே அசைவுள்ள எழுத்துகளைச் சேர்த்து எடுத்தோம். 'சி', 'ஓ', 'ஏ', 'ஜி' ஒரு வாரம். 'ஐ', 'யு', 'டபிள்யூ' அடுத்த வாரம்.

3. கற்றுக்கொடுப்பது நானில்லை, பெரியவள். நான் சொன்னால் திட்டு மாதிரி கேட்கிறது. அக்கா சொன்னால் விளையாட்டு.

4. தனி எழுத்து பழகியதும் ரெண்டு ரெண்டாகச் சேர்த்து எழுதினாள். 'ஓ', 'வி', 'டபிள்யூ' மேலே முடிவதால், அவற்றுக்குப் பின்னால் வரும் இணைப்புகளுக்குக் கூடுதல் நாள் வேண்டும்.

5. அதன் பிறகுதான் நோட்டு. ஒருநாளைக்கு மூன்றே வரி. வலக்கைக்காரர்கள் தாளை இடப்பக்கம் சற்றுச் சாய்த்து வைக்கலாம், இடக்கைக்காரர்கள் வலப்பக்கம்.

எழுதிய மூன்று வரியில் எது நல்லா வந்திருக்கு என்று அவளே வட்டம் போடுவாள். நான் சிவப்புப் பேனாவைத் தொடுவதில்லை.

இப்போது 'ஓ' திசை மாறிவிட்டது. 'எஃப்' இன்னும் தகராறுதான். அழுகை நின்றிருக்கிறது, அது போதும். மணலில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: தப்பை உள்ளங்கையால் தடவிவிட்டால் போயிற்று. நோட்டில் அது தேதியோடு தங்கிவிடும், பிள்ளை அதையே திரும்பத் திரும்பப் பார்க்கும்.

உங்க வீட்டில் கையெழுத்துச் சண்டை இருந்தால், இன்றைக்கு நோட்டைப் பார்க்காதீர்கள். பென்சில் முனையைப் பத்து நிமிஷம் பாருங்கள்.