காவல் நாயின் தொழிலும் இனப்பெயரும்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து

தமிழகக் காவல் நாயினங்களின் தொன்மையை நிறுவ நடுகற்களைச் சான்று காட்டுவது வழக்கமாகியுள்ளது. அச்சான்றின் எல்லையை வரையறுத்தல் தேவையாகிறது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தியையும், கள்வர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்னும் நாயையும் அது குறிக்கிறது. கர்நாடகத்து ஆதகூர்க் கல்வெட்டோ (பொ.ஆ. 949–950) பன்றியோடு பொருது மாண்ட காளி என்னும் வேட்டை நாயைப் போற்றுகிறது. இரண்டிலும் நாய்க்கு இடுபெயரும் தொழிலும் உண்டு, இனப்பெயர் இல்லை.

இனம் என்பது தலைமுறைதோறும் நிலைபெறும் உடற்பண்புகளை அளந்து பதியும் தற்கால வகைப்பாடு. கர்னாலிலுள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகத்தில் பதிவுபெற்ற இராசபாளையம், சிப்பிப்பாறை ஆகிய நாயினங்கள் தென்மாவட்ட ஊர்ப்பெயர்களைத் தாங்கியவை.

சேலம், நாமக்கல் சமவெளியில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். இங்கு வளர்க்கப்படும் மேச்சேரிச் செம்மறி, ஊர்ப்பெயரால் பதிவுபெற்ற இனம். அதற்கெனப் பொட்டனேரியில் 1978 முதல் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. அந்த ஆட்டுப்பட்டியைக் காக்கும் நாட்டு நாய்க்கோ அத்தகைய பதிவு இல்லை. அது தான் செய்யும் காவலாலேயே சுட்டப்படுகிறது.

பதிவின்மை தொன்மையின்மை ஆகாது. நடுகல் இனத்தூய்மைக்குச் சான்றும் ஆகாது. கல்வெட்டு காவல் மரபின் பழமையை மட்டுமே காட்டும். இன வரலாற்றுக்கு உடலளவுகள், மரபணு ஆய்வு, ஆடு வளர்ப்போரின் வாய்மொழி ஆகிய மூன்றும் தேவை. பிறவினக் கலப்பு மிகுமுன் இவை தொகுக்கப்படாவிடின், பின்னர்ப் பதிவதற்கு இனமே எஞ்சாது.