ஓயாத மனம்

ஆயிரம் பேர் கூடிய சபையிலே அச்சமின்றிப் பேசும் மனிதர் சிலர், இரவு இரண்டு மணிக்குத் தம் படுக்கையில் ஒரு சிறு எண்ணத்துக்கு அஞ்சி வியர்த்துக் கிடக்கின்றனர். கட்ட வேண்டிய கடன், மகளின் விவாகம், முந்திய நாள் கூட்டத்தில் வாய் தவறி வந்த ஒரு வார்த்தை, மார்பில் தோன்றிய சிறு வலி, இவற்றுள் ஏதேனும் ஒன்று முதலில் வருகிறது. அதன் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அதன் பின்னே வேறொன்று. அரை மணி நேரத்திற்குள் வீடு ஏலத்துக்கு வந்து குடும்பம் தெருவில் நிற்பதாகவே மனம் தீர்ப்பெழுதி விடுகிறது. பொழுது விடிந்ததும் அம்மனிதர் முகங்கழுவி, வெள்ளை வேட்டி உடுத்தி, ஒன்றும் நடவாதது போல் வெளியே கிளம்புகிறார். மனைவியிடம் சொல்வதில்லை, தோழரிடமும் சொல்வதில்லை. பொது வாழ்வில் இறங்கிய ஆண்மகனுக்கு இது அவமானம் என்று அவர் நினைக்கிறார்.

அந்த நினைப்பு பிழையானது என்பது நமது துணிபு. பிழை மட்டுமன்று, அதுவே நோயை வளர்க்கும் எரு.

இதற்குச் சாட்சி தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து பாரிஸ்டராகத் திரும்பிய காந்தியடிகள், பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் தமது முதல் வழக்கை எடுத்துக்கொண்டார். கட்டணம் 30 ரூபாய். பிரதிவாதிக்காக ஆஜராகி, வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். எழுந்து நின்றார். தலை சுழன்றது, கேட்பதற்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேறு வக்கீலை வைத்துக்கொள்ளும்படி கூறிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு முன் லண்டனிலும், சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாக சபைக்குத் தாம் எழுதிச் சென்ற அபிப்பிராயத்தைத் தாமே படிக்க இயலாமல் மற்றொருவர் படிக்க நேர்ந்தது. இவற்றையெல்லாம் அவர் தமது சுய சரிதத்தில் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் பின்னர் மாறியது எவ்விதம்? 1893-இல் தென்னாப்பிரிக்காவிலுள்ள பிரிட்டோரியா நகரில் இந்திய வர்த்தகர்களைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மை என்னும் பொருள் பற்றிப் பேசினார். அதையே தமது முதல் பொதுப் பேச்சு என்று கருதலாம் என்கிறார். விஷயத்தை நன்கு சிந்தித்துத் தயாரித்துக்கொண்டு போயிருந்தார். கூச்சம் முற்றும் ஒழிந்த பிறகு அவர் பேசத் துணிந்தார் என்று எவரும் எண்ணவேண்டாம். அது தம்மை ஒருபோதும் முழுவதும் விட்டதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதைக் கூட வைத்துக்கொண்டேதான் ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்தார். ஆகவே மனக் கலக்கம் வேறு, கோழைத்தனம் வேறு என்பதை நமது இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, இக்கலக்கம் உடலில் நடக்கும் விதத்தைச் சிறிது பார்ப்போம். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். ஆபத்தைக் கண்டதும் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் விடுகின்றன. இருதயம் விரைகிறது, மூச்சு வாங்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிறு புரளுகிறது. புலியைக் கண்டவன் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ வேண்டிய ஆயத்தம் இது. நமது சங்கடம் என்னவெனில், கடன்காரரின் கடிதத்துக்கும் புலிக்கும் உடல் வேற்றுமை பார்ப்பதில்லை. புலியாவது ஒரு நிமிஷத்தில் போய்விடும். கடிதமோ மேஜை மேலேயே இருக்கிறது. இருதயம் படபடப்பதை உணர்ந்த மனிதர், ஐயோ, மாரடைப்போ என்று அஞ்சுகிறார். அவ்வச்சத்தால் படபடப்பு மேலும் ஏறுகிறது. இவ்விதம் உடல் மனத்தையும், மனம் உடலையும் மாறி மாறி விரட்டுகின்றன.

இந்நிலையில் உள்ளவரிடம் உற்றார் சொல்லும் மருந்து ஒன்றுதான்: "கவலைப்படாதே, மனத்தை அடக்கு!" இதனினும் பிரயோஜனமற்ற உபதேசம் உலகில் இல்லை. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற மனோதத்துவ ஆசிரியரும் அவருடைய துணைவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லி, நினைவு வரும்போதெல்லாம் மணியை அடிக்கச் செய்தார்கள். மணி ஓயவில்லை. அது மட்டுமா? பின்னர் நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்கே கரடி அதிகமாக வந்தது. குரங்கை நினையாமல் மருந்து குடி என்று நம் ஊரில் சொல்லும் பேச்சு இதுவே. எண்ணத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறவன், அது போய்விட்டதா என்று வாயிலிலேயே காவல் நிற்கவேண்டியிருக்கிறது. காவல் நிற்கும் வரையில் எண்ணமும் அங்கேயே நிற்கும்.

தள்ளுவது பயன்படாதென்றால் வேறு என் செய்வது? கவலைக்கு இடமும் வேளையும் குறித்துக் கொடுப்பதே வழி என்று நாம் கருதுகிறோம். இது நமது சொந்தக் கற்பனையன்று. 1983-இல் தாமஸ் போர்க்கோவெக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் இதைப் பரீட்சித்து நல்ல பலன் கண்டார்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி கவலைப்படுவதற்கென்றே உட்காரவேண்டும். மற்ற வேளையில் கவலை வந்து கதவைத் தட்டினால், அதனோடு வாதாடாமல், 'மாலை ஐந்தரைக்கு வா' என்று ஒரு துண்டுக் காகிதத்தில் அதன் பெயரைக் குறித்துவிட்டுக் கையிலுள்ள காரியத்தைக் கவனிக்கவேண்டும். கேட்பதற்கு வேடிக்கையாகவே இருக்கும். ஆனால் ஆபீசுக்கு வரும் மனுக்களை எந்த அதிகாரியும் வந்த நிமிஷத்திலேயே விசாரிப்பதில்லை அல்லவா? ஐந்தரை மணிக்குக் காகிதத்தை எடுத்துப் பார்த்தால், காலையில் மலையாகத் தோன்றியவற்றுள் சில தாமாகவே உதிர்ந்திருக்கும். மிஞ்சியவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். நம்மால் செய்யக்கூடியது ஏதேனும் இருந்தால் அடுத்த அடி என்னவென்று எழுதிக்கொள்வது: யாரைப் பார்ப்பது, எந்த நாளில், எவ்வளவு பணம் என்று. நம் கையில் இல்லாததை, இல்லாதது என்றே எழுதி வைப்பது. மாதக் கணக்காய் 'ஏதோ ஆகப்போகிறது' என்று மனத்தில் உருளும் கவலை, காகிதத்தில் இறங்கும்போது நான்கு வரிக்குமேல் நீள்வதில்லை.

எழுதுவதன் சக்திக்கு இன்னொரு சான்று உண்டு. அமெரிக்காவில் பேய்லர் சர்வகலாசாலையார் 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 57 இளைஞர்கள் பங்கு கொண்டனர். படுக்குமுன் ஐந்து நிமிஷம், மேலே செய்யவேண்டிய காரியங்களை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைக் காட்டிலும் விரைவில் உறங்கினார்கள். ஆகவே தலைமாட்டில் இருக்கவேண்டியது நோட்டுப் புத்தகமும் பென்சிலுமே.

இப்பொழுது தலைமாட்டில் இருப்பது கைத்தொலைபேசி. தேச சேவை என்ற பெயரால் நடுநிசி வரையில் அதிலே செய்தி பார்ப்பவர்களை நாம் அறிவோம். உலகத்தின் அக்கிரமங்கள் அனைத்தையும் இரவு பன்னிரண்டு மணிக்குள் அறிந்துகொள்வதால் அவற்றுள் ஒன்றுகூடக் குறைவதில்லை. (பத்திரிகைக்காரர்களாகிய நாமே இதைச் சொல்வது நமது வியாபாரத்துக்கு உகந்ததன்று, ஆயினும் உண்மை உண்மைதான்.) படுத்து வெகு நேரமாகியும் உறக்கம் வரவில்லையானால், பாயிலே புரண்டுகொண்டிராமல் எழுந்து வந்து, மங்கிய வெளிச்சத்தில் ஏதேனும் அமைதியான வேலை செய்துவிட்டு, கண் அயரும்போது திரும்பப் படுக்கவேண்டும் என்பது உறக்க வைத்தியர்களின் முடிவு.

காபியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிலுள்ள கஃபீன் என்னும் பொருளில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலைக் கூட்டம் முடிந்து எட்டு மணிக்கு ஒரு டம்ளர் காபி அருந்தியவர், ஒரு மணிக்கு மனம் ஓடுகிறதே என்று முறையிடுவது நியாயமன்று. மதுவோ அதனினும் மோசம். முதலில் மயக்கி உறங்க வைக்கும். பின்னிரவில் எழுப்பிவிட்டுக் கலக்கத்தை இரட்டிப்பாக்கும். படபடப்பு மூண்ட சமயத்தில் உடனடியாகச் செய்யத்தக்கது, மூச்சை மெதுவாக விடுவது. இழுப்பதைவிட விடுவது நீளமாக, நிமிஷத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் சில நிமிஷம் விட்டால் இருதய ஓட்டம் தணியும்.

இவையெல்லாம் எல்லோருக்கும் போதும் என்று நாம் சொல்லவில்லை. வாரக் கணக்கில் உறக்கம் கெட்டு, தொழில் கெட்டு, வெளியே செல்லவே அச்சமாயிருந்தால் வைத்தியரிடம் போவதே முறை. தைராய்டுச் சுரப்பி மிகுந்து வேலை செய்தாலும் இதே படபடப்பு உண்டாகும். இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் பேச்சு வைத்தியமும், தக்க மருந்துகளும் இன்று நல்ல குணம் தருகின்றன. ஆனால் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்கி விழுங்குவது பெருந்தவறு. அவற்றுட் பல பழக்கமாகி ஆளைப் பிடித்துக்கொள்ளும். உயிரை விட்டுவிடலாமென்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் மறுநாள் வரை காத்திருத்தலாகாது.

வைத்தியரிடம் போக நம்மவரைத் தடுப்பது பெரும்பாலும் பணமன்று, ஒரு சொல். 1794-இல் சென்னையில் தொடங்கி 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்த ஆஸ்பத்திரியின் ஊர்ப் பெயரையே நாம் ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். மனிதரைக் குணப்படுத்தும் இடத்தின் பெயரை வசைச் சொல்லாக்கிய ஜனங்கள், தாம் நோயுற்றபோது அங்கே எப்படிப் போவார்கள்? பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாகாணங்களில் நடத்திய 2015-16 கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் 100-க்கு 10 பேருக்குமேல் ஏதேனும் ஒரு மன நோயுடன் இருந்தனர். நோய்க்குத் தக்கபடி அவர்களில் 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், உடல் நோயாளிக்கு உள்ள உரிமையை மன நோயாளிக்கும் அளித்திருக்கிறது. சட்டம் கொடுத்ததை ஊர்ப் பேச்சு பறித்துக்கொண்டிருக்கிறது.

நேரில் போகக் கூசுவோர்க்கு 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலும் பதில் கிடைக்கும். கட்சி அலுவலகங்களிலும் தொழிற்சங்கக் கட்டடங்களிலும், தலைவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கும் சுவரில், வாசிப்பவர் கண்ணில் படும் உயரத்தில் இவ்வெண்ணையும் எழுதி வைக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.