மருத்துவமனையின் பெயரும் ஒரு பைசா இதழும்

தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சித்த மருத்துவரான அவர் இதழாசிரியரும் ஆவார். 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். விலையே இதழின் பெயராயிற்று. ஒடுக்கப்பட்டோர் இம்மண்ணின் பூர்வ பௌத்தர்கள் என்னும் வரலாற்றை அதில் தொடர்ந்து எழுதினார். பிறர் எழுதிய இழிவை மறுக்கச் சொந்த ஏடு தேவைப்பட்டது.

அதற்கு முன்பே, 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், அதன் பொருட்டு வழக்கைச் சந்தித்து அபராதம் செலுத்த நேர்ந்தது. அன்று கருத்துரிமைக்கு அரசமைப்புச் சட்டத்தின் காப்பு இல்லை. இன்று பிரிவு 19(1)(அ) உண்டு. 19(2) அதற்கு வரம்பிடுகிறது. ஆகவே சாதிக் கொடுமையை எழுத முன்வரும் புறநகர் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: நாள், இடம், சான்று ஆகியவற்றோடு எழுதுங்கள், பாலியல் வன்முறைக்கு ஆளானோரின் அடையாளத்தை மறையுங்கள். நம் வரலாற்றைப் பிறர் எழுதட்டும் எனக் காத்திராதீர்கள்.