பணமும் ஒரு போராட்டக் கருவி: அமெரிக்காவில் கறுப்பினத்தவர் வங்கிகள் கடந்துவந்த பாதை

புது தில்லி: 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங் தமது வாழ்வின் இறுதி உரையை நிகழ்த்தினார். மறுநாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்களிக்கப்பட்ட நிலத்தை மலையுச்சியிலிருந்து கண்டதாக அவர் கூறிய பகுதியே உலகெங்கும் நினைவுகூரப்படுகிறது. ஆனால் அதே உரையின் நடுப்பகுதியில் அவர் மிக எளிமையான, நடைமுறை சார்ந்த வேண்டுகோள் ஒன்றை முன்வைத்தார். நகரின் பெரிய வங்கிகளிலுள்ள பணத்தை எடுத்து, கறுப்பினத்தவர் நடத்தும் ட்ரை-ஸ்டேட் வங்கியில் செலுத்துங்கள். கறுப்பினத்தவரின் காப்பீட்டு நிறுவனங்களில் காப்பீடு செய்யுங்கள். பணியமர்த்தலில் நியாயமாக நடந்துகொள்ளாத நிறுவனங்களின் குளிர்பானத்தையும் பாலையும் ரொட்டியையும் வாங்காதீர்கள் என்பதே அவ்வேண்டுகோள்.

அரை நூற்றாண்டைக் கடந்த பின்னரும் அந்த வேண்டுகோள் அமெரிக்காவில் மீண்டும் மீண்டும் எழுகிறது. 2016-இல் காவல்துறையினரின் துப்பாக்கிச்சூட்டில் கறுப்பினத்தவர் இருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து அட்லான்டாவைச் சேர்ந்த இசைக்கலைஞர் கில்லர் மைக் இதே அழைப்பை விடுத்தார். அந்நகரின் சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கியில் சில நாள்களிலேயே ஆயிரக்கணக்கான புதிய கணக்குகள் தொடங்கப்பட்டன. 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபோது தனிமனிதர்களோடு பெருநிறுவனங்களும் இதில் இணைந்தன. தமது ரொக்க இருப்பில் 2 விழுக்காட்டை, தொடக்கத்தில் 10 கோடி டாலர் வரை, கறுப்பினச் சமூகங்களுக்குச் சேவையாற்றும் நிதி நிறுவனங்களில் வைப்பதாக நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது.

ஒரு சமூகத்தின் சேமிப்பு எந்த வங்கியில் இருக்கிறது என்பது ஏன் இத்துணை முக்கியத்துவம் பெறுகிறது? வங்கியில் செலுத்தப்படும் பணம் பெட்டகத்தில் உறங்குவதில்லை. கடனாக வெளியே செல்கிறது. அக்கடன் யாருக்குச் செல்ல வேண்டும், எந்தத் தெருவிலுள்ள வீட்டுக்கும் கடைக்கும் செல்லலாம் என்று தீர்மானிப்பவர் கையில்தான் உண்மையான அதிகாரம் உள்ளது. கறுப்பினத்தவர் தம் ஊதியத்தைப் பெரிய வங்கிகளில் செலுத்தினர். கடன் கேட்டபோது அதே வங்கிகள் மறுத்தன. 1930-களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் அமைப்பு நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளைச் சிவப்பு நிறத்தால் குறித்து, அவை கடன் வழங்க ஆபத்தானவை என்று வகைப்படுத்தியது. இதனை 'சிவப்புக் கோடிடல்' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அச்சொல் கோடு ஒன்றை மட்டுமே காட்டுகிறது. அக்கோட்டுக்குள் வாழ்ந்தவர்களுக்கு வீட்டுக்கடன் எளிதில் கிடைக்கவில்லை என்பதைக் காட்டுவதில்லை.

விளைவு இன்றும் கண்கூடு. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 2022-இல் மேற்கொண்ட ஆய்வின்படி, வெள்ளையினக் குடும்பங்களின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களின் மதிப்பு 44,900 டாலர் மட்டுமே.

நம்பிக்கை சிதைந்த முதல் வங்கி

இவ்வரலாறு ஒரு பெரும் ஏமாற்றத்திலிருந்து தொடங்குகிறது. உள்நாட்டுப் போர் முடிவுறும் தறுவாயில், 1865-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி, விடுதலை பெற்ற அடிமைகளுக்கான சேமிப்பு வங்கியை நிறுவும் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். 'ஃப்ரீட்மென்ஸ் வங்கி' என்று அழைக்கப்பட்ட இதில் படைவீரர்களும் சலவைத் தொழிலாளர்களும் பண்ணைக் கூலிகளும் சில்லறைக் காசுகளாகச் சேமித்தனர். பிற்காலத்தில் அதன் கிளைகள் 37 ஆகப் பெருகின. வங்கிக்கு அரசின் உத்தரவாதம் உண்டு என்றே வைப்பாளர்கள் நம்பினர். உண்மையில் அத்தகைய உத்தரவாதம் ஏதும் இருக்கவில்லை.

இது கறுப்பினத்தவருக்கான வங்கியாக இருந்ததே தவிர, கறுப்பினத்தவரின் வங்கியாக இருக்கவில்லை. நிர்வாகம் பெரும்பாலும் வெள்ளையினத்தவர் கையிலேயே இருந்தது. தொடக்கத்தில் அரசுக் கடன் பத்திரங்களில் மட்டுமே பணத்தை முதலீடு செய்ய வேண்டும் என்ற விதி இருந்தது. 1870-இல் சட்டம் திருத்தப்பட்டு, நிலத்தின் பேரில் கடன் வழங்க வழி திறக்கப்பட்டது. நிதிக் குழுவின் தலைவராயிருந்த ஹென்றி குக், பெரும் நிதியாளரான ஜே குக்கின் சகோதரர். ஊழியர்களின் முறைகேடுகளும் பொறுப்பற்ற கடன்களும் பெருகிய நிலையில், 1873-இல் ஜே குக் நிறுவனம் திவாலாகி நாடெங்கும் நிதி நெருக்கடி மூண்டது. அப்போது வங்கியின் அடித்தளம் ஆட்டம் கண்டது.

மக்களின் நம்பிக்கையை மீட்கும் பொருட்டு, அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்து புகழ்பெற்ற தலைவராக உயர்ந்த ஃப்ரெடரிக் டக்ளஸ் 1874 மார்ச் மாதத்தில் அதன் தலைவராக்கப்பட்டார். அவர் தமது சொந்தப் பணத்தில் 10,000 டாலரை வங்கிக்கு அளித்தார். கணக்குகளை ஆராய்ந்தபின்னரே உண்மை நிலை அவருக்குத் தெரியவந்தது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் வங்கி மூடப்பட்டது. 61,144 வைப்பாளர்களின் ஏறத்தாழ 30 லட்சம் டாலர் முடங்கியது. பலருக்குத் தொகையில் ஒரு பகுதி, பல ஆண்டுகளுக்குப் பின்னர், தவணை தவணையாகக் கிடைத்தது. பலருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. வங்கிகளின் மீது கறுப்பினத்தவருக்குத் தலைமுறைகளாக நீடித்த ஐயத்தின் வேர்களுள் இதுவும் ஒன்று எனக் கருதப்படுகிறது.

அதன் பின்னரே தமக்குரிய வங்கியைத் தாமே நடத்தவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1888-இல் ரிச்மண்டிலும் வாஷிங்டனிலும் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் வங்கிகள் உருவாயின. 1903-ஆம் ஆண்டு, அதே ரிச்மண்ட் நகரில், சலவைத் தொழிலாளி ஒருவரின் மகளான மேகி லீனா வாக்கர் 'செயின்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி'யைத் தொடங்கினார். அமெரிக்காவில் வங்கி தொடங்க உரிமம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி இவரே. முதல் நாளிலேயே 8,000 டாலருக்கு மேல் வைப்பாகச் சேர்ந்தது. வீட்டுக்கடன் வழங்குவதை வங்கியின் முக்கியப் பணிகளுள் ஒன்றாக அவர் கொண்டார். பெயரிலேயே 'பென்னி' இருப்பது தற்செயலன்று. ஐந்து காசு, பத்துக் காசு கொண்டுவருபவரும் வாடிக்கையாளரே என்பது அதன் பொருள். 1930-களின் பெருமந்தத்தில் இத்தகைய வங்கிகள் பல அழிந்தபோதும், வாக்கரின் வங்கி பிற இரு வங்கிகளுடன் இணைந்து பிழைத்தது.

50 காசு வங்கி

இவ்வங்கிகளின் நலிவை விளக்க ஹார்லெம் பகுதியின் ஃப்ரீடம் நேஷனல் வங்கியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. 1964-இல் நிறுவப்பட்ட இதன் நிறுவனர்களுள் ஒருவர், பேஸ்பால் விளையாட்டில் இனத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன். தேவாலயங்களும் அறக்கட்டளைகளும் சமூகப் பற்றின் காரணமாகவே தமது நிதியை அங்கே வைத்திருந்தன. 1990 நவம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் அதனை மூடின. அந்நாளில் வைப்புக் காப்பீட்டின் உச்சவரம்பு 1 லட்சம் டாலர் (தற்போது 2,50,000 டாலர்). அவ்வரம்பைக் கடந்த தொகைக்கு, ஒவ்வொரு டாலருக்கும் 50 காசு வீதமே வழங்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பலர் தொண்டு நிறுவனங்கள்.

இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. 1991 ஜனவரியில் பாஸ்டனைச் சேர்ந்த பேங்க் ஆஃப் நியூ இங்கிலாந்து வீழ்ந்தது. அது மிகப் பெரிய வங்கி. அதன் வைப்பாளர்கள் அனைவரின் தொகையும், வரம்பு கடந்தவையும் உட்பட, முழுமையாகப் பாதுகாக்கப்பட்டன. பெரிய வங்கி வீழ்ந்தால் நாட்டின் நிதியமைப்பே பாதிக்கப்படும் என்பது அதிகாரிகளின் வாதம். அந்த வாதம் தர்க்கப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் சமூகப் பற்றினால் சிறிய வங்கியைத் தேர்ந்தவர்களே அதன் விலையைக் கொடுத்தனர் என்பதை அத்தர்க்கம் மாற்றிவிடாது.

வைப்புத்தொகை போதாது, மூலதனம் வேண்டும்

கணக்கை மாற்றுங்கள் என்ற முழக்கம் உணர்ச்சியைத் தூண்டுவது. வங்கியியல் நோக்கில் அதில் ஒரு சிக்கல் உண்டு. வாடிக்கையாளர் செலுத்தும் வைப்புத்தொகை வங்கியின் சொத்தன்று. வங்கி திருப்பித் தர வேண்டிய கடன். இழப்பு நேரிட்டால் அதனைத் தாங்குவது உரிமையாளர்களின் மூலதனம். எடுத்துக்காட்டாக, 100 டாலர் சொத்துள்ள வங்கியிடம் 10 டாலர் மூலதனம் இருப்பதாகக் கொள்வோம். பொதுமக்கள் ஆர்வத்துடன் மேலும் 50 டாலர் செலுத்தினால் சொத்து 150 டாலராகும். மூலதனமோ அதே 10 டாலர். 10 விழுக்காடாக இருந்த விகிதம் 7 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். கட்டுப்பாட்டு அதிகாரிகளின் கேள்விகள் அப்போது தொடங்கும். கடனை விரிவாக்க வந்த பணமே கடனுக்குத் தடையாகும் விசித்திரம் இவ்வாறு நேர்கிறது.

புதிய பங்குகளை விற்று மூலதனம் திரட்டலாமே என்று கேட்கலாம். அதிலும் முட்டுக்கட்டை உள்ளது. வாக்குரிமையுள்ள பங்குகளில் 51 விழுக்காடு சிறுபான்மையினரிடம் இருப்பது, 'சிறுபான்மையினர் வங்கி' என்ற தகுதிக்குக் கூட்டாட்சி வைப்புக் காப்பீட்டுக் கழகம் ஏற்கும் முதன்மை அளவுகோல். சொத்து குறைவாக உள்ள ஒரு சமூகத்திடமிருந்தே பெரும்பகுதி மூலதனமும் வரவேண்டும் என்பது இதன் பொருள். வெளியாருக்குப் பங்குகளை விற்றால் வங்கி பிழைக்கும்; அடையாளம் பிழைக்காது. இதனைக் கருதியே, 2020-க்குப் பின்னர் பேங்க் ஆஃப் அமெரிக்கா இத்தகைய சில வங்கிகளில் 5 விழுக்காட்டுக்குக் குறைவான பங்குகளை மட்டும் வாங்கியது. அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்த 900 கோடி டாலர் அவசர மூலதன முதலீட்டுத் திட்டத்தின்கீழ், சமூக வங்கிகளுக்கும் சிறுபான்மையினர் வங்கிகளுக்கும் 850 கோடி டாலரை ஒட்டிய தொகை நீண்டகால முதலீடாகச் சென்றது. எல்லா முழக்கங்களையும்விட இவ்வங்கிகளின் கணக்கேடுகளில் அதிக மாற்றத்தை விளைவித்தது இதுவே எனலாம்.

எனினும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்துள்ளது. 1888-க்கும் 1934-க்கும் இடையே 130-க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் வங்கிகள் தோன்றின. 2001-இல் 48 வங்கிகள் இருந்தன. 2018-இல் அவை 23 ஆகச் சுருங்கின. 2008-ஆம் ஆண்டின் வீட்டுக்கடன் நெருக்கடி, இவ்வங்கிகளின் வாடிக்கையாளர்களையே கடுமையாகத் தாக்கியது இதற்கு ஒரு காரணம். சிறு தொகைக் கணக்குகள் மிகுதியாக இருப்பதால் நிர்வாகச் செலவு கூடுவது மற்றொன்று.

இதனால் இம்முயற்சியையே கேள்விக்குள்ளாக்குவோரும் உளர். ஃபெடரல் ரிசர்வ் ஆளுநர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரான பொருளாதார அறிஞர் ஆண்ட்ரூ பிரிம்மர், இவ்வங்கிகள் சமூகத்துக்குப் பெருமை தரும் அணிகலன்களே அன்றி வளர்ச்சிக்கான கருவிகள் அல்ல என்ற கருத்தை 1970-ஆம் ஆண்டையொட்டி வெளியிட்டுச் சீற்றத்துக்கு ஆளானார். சட்டப் பேராசிரியர் மேர்சா பரதாரன் 2017-இல் வெளியிட்ட நூலில், ஒதுக்கப்பட்ட பகுதியின் பணம் வீட்டுக்கடன் வாயிலாக வெளியாரிடமே சென்றுவிடும் நிலையில், வங்கி மட்டும் தனித்துச் சொத்து இடைவெளியை மூட இயலாது என்று வாதிட்டார். பிரச்சினையை உருவாக்கிய அரசு, தீர்வைப் பாதிக்கப்பட்டோரின் சேமிப்பிடமே ஒப்படைக்கிறது என்பது அவரது குற்றச்சாட்டின் சாரம். இவ்வாதத்தை எளிதில் புறந்தள்ள முடியாது.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. 2020 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையே, பெருந்தொற்றின் தொடக்கத்தில், இயங்கிக்கொண்டிருந்த கறுப்பினத் தொழில்முனைவோரின் எண்ணிக்கை 41 விழுக்காடு சரிந்தது; வெள்ளையினத்தவரிடையே சரிவு 17 விழுக்காடு. அரசின் அவசரக் கடன் வங்கிகள் வாயிலாகவே வழங்கப்பட்டதால், ஏற்கெனவே வங்கியுடன் தொடர்புடையோர் வரிசையில் முன்னே நின்றனர். தெரிந்த வங்கி மேலாளர் ஒருவர் இல்லாதவர் பின்னே நின்றார்.

நீதிமன்றம் வந்த நன்கொடை

தொழில்களை ஆதரிக்கும் முயற்சிகள் தற்போது சட்டச் சிக்கலைச் சந்திக்கின்றன. அட்லான்டாவின் 'ஃபியர்லெஸ் ஃபண்ட்' நிறுவனம், கறுப்பினப் பெண்களின் தொழில்களுக்கு 20,000 டாலர் நன்கொடை வழங்கும் போட்டியை நடத்திவந்தது. அது பிற இனத்தவரை விலக்குவதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2024 ஜூன் மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் போட்டிக்குத் தடை விதித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் உடன்பாடு ஏற்பட்டுப் போட்டி கைவிடப்பட்டது. வழக்குக்கு அடிப்படையாக அமைந்த 1866-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டம், விடுதலை பெற்ற அடிமைகளின் ஒப்பந்த உரிமையைக் காக்கவே இயற்றப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

2025 ஜனவரியில் டார்கெட் சில்லறை விற்பனை நிறுவனம் தனது பன்முகத்தன்மைத் திட்டங்களைச் சுருக்கியது. இந்நிறுவனமே 2025 இறுதிக்குள் கறுப்பினத்தவரின் தொழில்களில் 200 கோடி டாலர் செலவிடுவதாக 2021-இல் உறுதியளித்திருந்தது. இதனைக் கண்டித்து, அட்லான்டா பகுதியின் போதகர் ஜமால் பிரையன்ட் தவக்காலத்தில் 40 நாள் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தார். அழைப்பு பரவியபோது எதிர்பாராத ஒரு குரலும் எழுந்தது. டார்கெட்டின் அலமாரிகளில் தமது பொருள்களை இடம்பெறச் செய்யப் பல்லாண்டு போராடிய கறுப்பினத் தொழில்முனைவோர் சிலர், புறக்கணிப்பால் முதலில் விற்பனை இழப்பவர்கள் தாங்களே என்று கவலை தெரிவித்தனர். நாடு முழுவதும் ஊழியர்களைக் கொண்ட கறுப்பினத்தவர் நிறுவனங்கள் 2022 கணக்கின்படி ஏறத்தாழ 1.95 லட்சம் மட்டுமே. மொத்தத்தில் இது 3 விழுக்காட்டையொட்டிய பங்கு. மக்கள்தொகையில் அவர்களின் பங்கோ 14 விழுக்காட்டை நெருங்குகிறது.

மெம்ஃபிஸில் கிங் பெயர் குறிப்பிட்ட ட்ரை-ஸ்டேட் வங்கி, 1946-இல் ஒரு தந்தையும் மகனும் நிறுவியது. 2021-இல் அது நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த லிபர்ட்டி வங்கியுடன் இணைக்கப்பட்டது. லிபர்ட்டியும் கறுப்பினத்தவருக்குச் சொந்தமான வங்கியே. அது தொடங்கப்பட்டது 1972-இல், கிங் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர்.