வீட்டுப் பிராணியின் இறுதி நாட்கள்

நாயையோ பூனையையோ வீட்டில் வளர்க்கத் தொடங்குபவர் அன்றே ஒரு பிரிவுக்கும் உடன்பட்டுவிடுகிறார். நாயின் ஆயுள் பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டு; பூனை சற்று மேலும் வாழலாம். குட்டியாக வந்து நம் குழந்தைகளோடு விளையாடிய அது, அவர்கள் கல்லூரி வாயிலை மிதிக்கும் முன்பே முதுமையடைந்துவிடுகிறது. அது வந்த நாளை யாவரும் கொண்டாடுகிறோம். அது போகும் நாளைப் பற்றி எவரும் முன்கூட்டி எண்ணுவதில்லை. ஆகவே, அந்நாள் வரும்போது செய்வதறியாது திகைக்கிறோம். அத்திகைப்பினால் நமக்கு மட்டுமன்றி, வாய் பேச இயலாத அந்தப் பிராணிக்கும் துன்பம் நேர்கிறது.

ஊரில் நிலைமை வேறு. அங்கே திண்ணையும் கொல்லையும் உண்டு. கிழ நாய் ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். இறந்தால் தென்னை மரத்தடியில் புதைத்துவிடுவார்கள். உத்தியோகத்தின் பொருட்டுக் கொல்கத்தா போன்ற நகரத்திற்கு வந்து, மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளில் குடியிருக்கும் நமக்கோ திண்ணையும் இல்லை, கொல்லையும் இல்லை. யோசனை கூறப் பெரியவர்களும் அருகில் இல்லை. இந்நிலையில், நோயுற்ற முதிய பிராணிக்கு நாம் செய்யக்கூடியது யாது, செய்யக்கூடாதது யாது என்பதைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

விலங்குகளின் துயரைப் பற்றிப் பேசுவதற்குக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான நகரம் வேறில்லை. பி.பா.தீ. பாக் என இன்று வழங்கும் பழைய டல்ஹௌசி சதுக்கத்தில், ரைட்டர்ஸ் கட்டடத்தின் அருகே ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. அலுவலகம் செல்லும் நம்மவர் பலர் அதனைக் கடந்து செல்வதுண்டு. அது கோல்ஸ்வொர்தி கிராண்ட் என்னும் ஆங்கிலேய ஓவியரின் நினைவாக எழுப்பப்பட்டது. பாரம் இழுக்கும் மாடுகளும் குதிரைகளும் கல்கத்தாவின் வீதிகளில் படும் பாட்டைக் கண்டு மனம் வருந்திய அவர், 1861-ல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை இந்நகரில் நிறுவினார். ஆசியாவில் இத்தகைய சங்கம் தோன்றியது அதுவே முதன்முறை. பின்னர் 1893-ல் பெல்காச்சியாவில் வங்காள மிருக வைத்தியக் கல்லூரி தோன்றியது. இன்று அவ்வளாகம் 1995-ல் உருவான மேற்கு வங்க விலங்கு, மீன்வள அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

தமிழர்க்கும் இத்துறையில் பெருமை உண்டு. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953-ல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே, 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திற்கு வித்தாயிற்று. 1962-ல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. தக்க காரணமின்றி ஒரு பிராணியைப் பசிக்கோ தாகத்திற்கோ ஆளாகும் நிலையில் கைவிடுதல் அச்சட்டப்படி குற்றமாகும். மாற்றல் உத்தரவு வந்ததும் கிழ நாயைச் சந்தையருகே விட்டுவிட்டு ரயிலேறுபவர்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் இரை தேடவும் தெரியாது. தெரு நாய்களோடு போராடவும் இயலாது.

கைவிடுதல் ஒரு தவறு. அதற்கு நேர்மாறான தவறும் ஒன்றுண்டு. பிரிய மனமில்லாத காரணத்தால், வேதனையில் துடிக்கும் உயிருக்கு வலி தணிக்கும் மருந்தும் தராமல், "இன்னும் சில நாள் இருக்கட்டும்" என்று பார்த்துக்கொண்டிருப்பதே அது. முன்னது அன்பின்மையால் விளைவது. பின்னது அன்பின் பெயரால் விளைவது. படுகிற பிராணிக்கோ இரண்டும் ஒன்றே.

இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு. தீராத நோயுற்ற மனிதர்க்கு வலியைத் தணித்து, இறுதிவரை ஆறுதல் அளிக்கும் முறையை 1967-ல் லண்டனில் டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் அமைத்த செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் உலகறியச் செய்தது. அதே நெறி விலங்குகளுக்கும் இப்போது பின்பற்றப்படுகிறது. நோயைத் தீர்க்க இயலாவிட்டாலும் நோவைத் தணிக்க இயலும் என்பதே இதன் அடிப்படை.

இதனை வீட்டிலேயே செய்யலாம். மொசைக் தரையும் பழைய வீடுகளின் சிவப்புச் சிமெண்டுத் தரையும் வழுக்குமாதலால், மூட்டு நோயுள்ள நாய் நடக்கும் இடமெங்கும் சாக்கு அல்லது கோரைப்பாய் விரித்தல் வேண்டும். எழ முடியாமற் கிடக்கும் பிராணியை மெத்தென்ற படுக்கையில் கிடத்தி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் படுக்கைப் புண் உண்டாகும். தண்ணீரை அதன் முகத்தருகே வைக்க வேண்டும். உணவைச் சற்று வெதுவெதுப்பாக்கினால் வாசனை மிகுந்து, பசியற்ற பிராணியும் இரண்டு வாய் உண்ணக்கூடும். வெங்காயம் கலந்த சாம்பார்ச் சோற்றை மட்டும் தரலாகாது. வெங்காயம் நாய்க்கும் பூனைக்கும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சிறுநீரகம் பழுதுற்ற பூனைக்குத் தோலின் அடியில் உப்பு நீர் ஏற்றும் முறையை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு, வீட்டாரே செய்வதும் உண்டு. வைகாசி மாதத்துக் கொல்கத்தாப் புழுக்கத்தில் மின்விசிறியின் காற்று படும்படி வைப்பதும் பெரிய உதவியே.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. நமக்கு வாங்கிவைத்த வலி மாத்திரையை எக்காரணம் கொண்டும் பிராணிக்குத் தரலாகாது. பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை அதன் உயிரைப் போக்கிவிடக்கூடும். இபுப்ரோஃபன் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். விலங்குகளுக்கென ஏற்ற வலி மருந்துகள் உள்ளன. எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

வலி இருக்கிறது என்பதை எப்படி அறிவது? பூனை வலியை மறைக்கும், கட்டிலடியில் ஒளியும், உடலை நக்கித் தூய்மை செய்வதை நிறுத்திவிடும். நாய் காரணமின்றி மூச்சிரைக்கும், படுப்பதும் எழுவதுமாய் அலையும், தொட்டால் உறுமும். ஆனால் திடீரென வெறிகொண்டு கடித்தல், விழுங்க முடியாமை, வாயில் எச்சில் ஒழுகல் முதலியவை கண்டால் விலங்குவெறி நோயோ என ஐயுற வேண்டும். அதன் வாயில் கையிடாது, உடனே மருத்துவரை அழைத்தல் வேண்டும். கடிபட்டவர் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவித் தாமதமின்றித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கே வந்து பார்க்கும் கால்நடை மருத்துவர்கள் கொல்கத்தாவில் இருக்கின்றனர். வங்காளம் சரளமாக வராதவர்களும் தயங்க வேண்டுவதில்லை. "காச்சே நா" என்றால் உண்ணவில்லை. "கஷ்டோ பாச்சே" என்றால் துன்பப்படுகிறது. "டாக்டர் பாபு, ஏக்பார் பாரிதே ஆஷ்பேன்?" என்று கேட்டால், ஒருமுறை வீட்டுக்கு வருவீர்களா என்று பொருள். இம்மூன்றும் முதற் பேச்சுக்குப் போதும்.

இனி, கடினமான வினாவுக்கு வருவோம். இப்படி எவ்வளவு காலம் வைத்துப் பேணுவது? அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் வில்லாலோபோஸ் 2004-ல் இதற்கு ஓர் அளவுகோலை வகுத்தார். வலி அடங்கியிருக்கிறதா, உணவு செல்கிறதா, உடலில் நீர் போதுமா, தூய்மையாக இருக்கிறதா, மகிழ்ச்சி காட்டுகிறதா, நடமாட முடிகிறதா, கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். 70-க்கு 35-க்கு மேல் இருந்தால் பேணுதலைத் தொடரலாம். எண்களே முடிவு கூறிவிடா. ஆயினும் நாட்காட்டியில் நாள்தோறும் குறித்து வந்தால், நம் பாசம் மறைக்கும் உண்மையை அக்குறிப்பு காட்டிவிடும்.

நல்ல நாட்கள் அருகி, மருந்துக்கும் வலி அடங்காதபோது, நோவின்றி உயிர்விடச் செய்தல் தகுமா? இக்கேள்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று பிழைக்க வழியின்றிக் கடும் வேதனையில் கிடந்தது. மருத்துவர் கைவிரித்துவிட்டார். காந்தியடிகள் ஆசிரமத்தாரோடு கலந்து ஆலோசித்து, தாம் அருகில் நிற்க, ஊசி மருந்தால் அதன் உயிரை அடங்கச் செய்தார். அகிம்சையின் உருவமெனப் போற்றப்பட்டவர் செய்த இச்செயலால் கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. அடிகள் பின்வாங்கவில்லை. தம் நலன் கருதாது, துயர் தீர்க்கும் ஒரே நோக்கத்தோடு செய்வது இம்சையாகாது என்பது அவர் கருத்து.

சொற்களை எடைபோட்டு மொழிபெயர்ப்பது என் தொழில். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல், நல்ல சாவு எனப் பொருள்படும் கிரேக்க மூலத்தினின்று பிறந்தது. வங்காளப் பத்திரிகைகள் "நிஷ்கிருதி மிருத்யு" என எழுதுகின்றன. துன்பத்தினின்று விடுவிக்கும் சாவு என்பது அதன் பொருள். தமிழில் "கருணைக்கொலை" என்கிறோம். அச்சொல்லின் பிற்பாதி காதில் விழுந்ததும் நம் நெஞ்சம் பின்னடைகிறது. இதனைக் கொலை என எண்ணி அஞ்சுபவர், வேதனையை அப்படியே விட்டுவைப்பதற்கும் ஒரு பெயர் வேண்டுமென்பதை மறந்துவிடுகிறார். 1960-ஆம் ஆண்டுச் சட்டமும், ஒரு பிராணியை உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் நிலை உண்டு என ஒப்புக்கொள்கிறது. அதே சமயம், ஸ்ட்ரிக்னைன் ஊசி போன்ற கொடிய முறைகளால் கொல்வதைக் குற்றமாக்குகிறது. சமய நம்பிக்கையால் இயற்கை முடிவையே விரும்பும் குடும்பங்களும் உண்டு. அதுவும் மதிக்கத்தக்கதே, ஆனால் இறுதி மூச்சுவரை வலி மருந்து நிற்கலாகாது.

பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே இதனைச் செய்ய வேண்டும். வீட்டிலேயே செய்வதால், பிராணிக்குப் பயணத்தின் அலைச்சலும் மருத்துவமனையின் அச்சமும் இல்லை. முதலில் உறக்க மருந்து தரப்படும். சில நிமிடங்களில் அது தன் படுக்கையிலேயே கண்ணயரும். பின்னர் முன்காலின் நரம்பில், பென்டோபார்பிட்டால் போன்ற மயக்க மருந்து மிகுந்த அளவில் ஏற்றப்படும். நினைவு முதலில் அகலும். பிறகு மூச்சும் இதயமும் நிற்கும். கண்கள் திறந்தே இருக்கலாம், ஒரு பெருமூச்சோ நடுக்கமோ தோன்றலாம், சிறுநீர் கழியலாம். அவை வலியின் அடையாளமல்ல. மருத்துவரிடம் முன்கூட்டிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "முதலில் மயக்கமடையச் செய்வீர்களா?" நினைவோடு இருக்கும் பிராணிக்கு இதயத்தை நிறுத்தும் உப்பு மருந்தை நேரே செலுத்துவது கொடுமையாகும், அதற்கு ஒருபோதும் இசையலாகாது.

உடலை அடக்கம் செய்யும் இடத்தையும் மருத்துவரிடமும் மாநகராட்சியிடமும் முன்பே விசாரித்து வைத்தல் நன்று. அம்மருந்து உடலில் தங்கியிருக்கும். அவ்வுடலைத் தின்னும் காக்கையும் நாயும் மடியும். எனவே குப்பைமேட்டிலோ கங்கையிலோ எறியாமல், எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும்.

குழந்தைகளிடம் "தூங்கிவிட்டது", "ஊருக்குப் போய்விட்டது" என்று சொல்லாதீர்கள். முதற் சொல்லால் அவர்கள் உறங்க அஞ்சுவர். இரண்டாவதால் வாயிலிலேயே காத்திருப்பர். அதன் நோய் தீராதது, வலி பொறுக்க முடியாதது, அது இறந்துவிட்டது என்று எளிய மொழியில் கூறினால் அவர்கள் புரிந்துகொள்வர்.

நேயர்களில் பலர் வீட்டில் இன்று ஒரு முதிய பிராணி மூலையில் படுத்திருக்கலாம். அந்த நாள் வரும்வரை காத்திராமல், இந்த வாரமே ஒரு மருத்துவரின் பெயரையும் முகவரியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நம்மை நம்பி வாழ்ந்த உயிருக்கு இறுதி நேரத்தில் வேண்டுவது இரண்டே: வலி இருத்தலாகாது; பழகிய கை ஒன்று தன்மேல் இருத்தல் வேண்டும். முன்னதை மருத்துவர் தருவார். பின்னதை நாமே தர வேண்டும்.